என்ன ஊற்றலாம் என்று கேட்பதற்கு முன்

கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் யாருக்கும் இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி வராமல் இருந்திருக்காது: "அண்ணா, ப்ளூ டேங் மேல வெள்ளை வெள்ளையா புள்ளி வந்திருக்கு, என்ன ஊத்தலாம்?" ப்ளூ டேங் என்பது ஒரு நீலநிறக் கடல்மீன். கூடவே நீல விளக்கில் எடுத்த ஒரு மங்கலான போட்டோ, அதில் மீனும் தெரியாது, புள்ளியும் தெரியாது. நான் முதலில் திருப்பிக் கேட்பது "எத்தனை நாளா இருக்கு?" என்பதுதான். ஏனென்றால் அது வெண்புள்ளி நோயாக இருந்தால், நீங்கள் எதை ஊற்றினாலும், ஒன்றுமே ஊற்றாவிட்டாலும், மூன்று நாலு நாளில் அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் போய்விடும். போய்விட்டு, ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து, சொந்தபந்தம் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு திரும்பி வரும்.

இந்த இடைவெளியில்தான் மீன் மருந்து வியாபாரம் பாதி ஓடுகிறது.

நோயைத் தருவது கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. 1930களிலேயே ஜப்பானில் சிகாமா என்பவர் இதை விவரித்துவிட்டார், இப்போதைய பெயரை 1951-ல் பிரவுன் வைத்தார். நன்னீர் மீன்களுக்கு வரும் இக் நோயைப் போலவே புள்ளி போடுவதால் இதையும் 'மரைன் இக்' என்று கூப்பிடுகிறோம், ஆனால் இரண்டு ஒட்டுண்ணிகளும் நெருங்கிய சொந்தம் இல்லை. இது வெறும் வகைப்பாட்டு விஷயம் என்று விட்டுவிட முடியாது. கோல்டுஃபிஷுக்கு ஹீட்டரைக் கூட்டி, கல்லுப்பு போட்டு, நீலநிற மருந்து விட்டுக் குணப்படுத்திய அனுபவத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் வேலை செய்யாது. இந்த ஒட்டுண்ணிக்குச் சூடு பிடிக்கும், உப்பில்தான் அது வாழ்கிறது, ஹீட்டரைக் கூட்டினால் அதன் சுழற்சி வேகமாகும், அவ்வளவுதான். சென்னையில் மே மாதம் சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி, இல்லாத தொட்டியில் அந்த வேகம் இலவசமாகவே கிடைக்கும்.

அந்தச் சுழற்சியைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒட்டுண்ணி மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து 3 முதல் 7 நாள் வரை தின்று வளர்கிறது. நாம் பார்க்கும் வெள்ளைப்புள்ளி அதுதான். நன்றாக வளர்ந்ததும், பெரும்பாலும் இருட்டு நேரத்தில், தானாகவே மீனை விட்டு இறங்கி மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ சில மணி நேரம் ஊர்ந்து, ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிக் கெட்டியான கூடு கட்டிக்கொள்கிறது. இந்தக் கூட்டு நிலைக்கு டோமான்ட் என்று பெயர். உள்ளே அது பிரிந்து பிரிந்து ஒரு கூட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் வரை உண்டாகலாம். கூடு உடையக் குறைந்தது 3 நாள், வழக்கமாக ஒரு வாரத்தை ஒட்டி, சிலது 28 நாள், ஆய்வகத்தில் 72 நாள் வரை தாமதமாக உடைந்ததும் பதிவாகியிருக்கிறது. ஒரே நாளில் கட்டிய கூடுகள்கூட ஒரே நாளில் உடைவதில்லை, பாருங்கள், அங்கேதான் சூட்சுமம். வெளியே வரும் குஞ்சுக்கு, அதாவது தெரான்ட்டுக்கு, ஆயுள் ஏறக்குறைய ஒரு நாள், அதிலும் முதல் சில மணி நேரம்தான் தொற்றும் வலு முழுதாக இருக்கும். அதற்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். அதனால்தானோ என்னவோ, கூடுகள் விடியற்காலையில், மீன்கள் பாறை இடுக்கில் அசையாமல் தூங்கிக்கொண்டிருக்கும்போது உடைகின்றன.

திறந்த கடலில் இந்தக் கணக்கு ஒட்டுண்ணிக்குப் பெரிதாகக் கட்டுப்படியாவதில்லை. மீன் நீந்திப் போய்விடும், குஞ்சுகளை அலை அடித்துக்கொண்டு போய்விடும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கடலில் பிடித்த மீன்களை ஆராய்ந்தபோது பலவற்றின் மேல் இந்த ஒட்டுண்ணி இருந்தது, ஆனால் மீன் ஒன்றுக்குச் சொற்பம்தான். அதே மீனை 300 லிட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டால், இறங்கிய ஒவ்வொன்றும் கூடு கட்ட இடம் கிடைக்கும், வெளிவந்த குஞ்சுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் மீன் கிடைக்கும்.

இப்போது மறுபடி அந்த "நாலு நாளில் சரியாகிவிட்டது" கதைக்கு வருவோம். பூண்டுச் சாற்றில் ஊறவைத்த தீனி போட்டேன், புள்ளி போய்விட்டது என்று எழுதுகிறவர் பொய் சொல்லவில்லை. புள்ளி போனது உண்மை, பூண்டு போட்டதும் உண்மை, இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்பது மட்டும்தான் பாக்கி. மஞ்சள்தூள் கலந்தவர், பாதாம் இலை போட்டவர், பாதித் தண்ணீரை மாற்றியவர், 'ரீஃப் சேஃப்' (பவளத் தொட்டிக்குக் கெடுதல் இல்லை) என்று அச்சிட்ட விலையுயர்ந்த குப்பியை வாங்கியவர், எல்லோருக்கும் அதே நாலு நாள்தான். மீன்மேல் ஒட்டியிருப்பதைக் கொத்தித் தின்னும் என்று க்ளீனர் இறால் வாங்கி விட்டவர்களும் உண்டு. ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் இருக்கிறது, இறால் தோலைக் கிழித்து எடுக்கப்போவதில்லை. யூவி விளக்கை, அதாவது குழாய்க்குள் ஓடும் தண்ணீரின் மேல் புற ஊதா ஒளி அடிக்கும் கருவியை, மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன், அதன் வழியாகப் போகும் குஞ்சுகளை அது கொல்லும், ஆனால் தொட்டித் தண்ணீர் முழுவதும் அந்தக் குழாய் வழியாக மீனைத் தொடும் முன் போய்விடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. எண்ணிக்கை குறையும், ஒழியாது. பூண்டு வாசனைக்குச் சாப்பிடாத மீன் சாப்பிடும் என்றால் அதுவரைக்கும் நல்லது, போடுங்கள், வைத்தியம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மருந்து என்று ஒன்று வேலை செய்ய வேண்டுமானால் அது எந்த நிலையில் ஒட்டுண்ணியைப் பிடிக்கிறது என்று கேட்க வேண்டும். தோலுக்குள் இருக்கும்போது மீனின் தோலே அதற்குக் கவசம். கூட்டுக்குள் இருக்கும்போது கூடு கவசம். அநேகமாக எல்லா மருந்தும் அந்த ஒரு நாள் நீந்தும் குஞ்சைத்தான் கொல்கிறது. ஆகவே மருந்து நாள்தவறாமல், அளவு குறையாமல், வாரக்கணக்கில் தண்ணீரில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். புள்ளி போனதும் நிறுத்தினால் கூடுகள் உடையும் நேரத்தில் தண்ணீரில் மருந்து இருக்காது.

சரி, அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. இது வெண்புள்ளி நோய்தானா?

புள்ளி ரவை அளவில், எண்ணக்கூடிய மாதிரி இருந்தால் பெரும்பாலும் கிரிப்டோகேரியான். மாவு தூவிய மாதிரி, விளக்கைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் மட்டும் பொன்னிறமாக மினுங்கினால், அது வெல்வெட் என்ற வேறொரு நோய், அப்போது வாட்ஸ்அப்பை மூடிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். அமைலூடினியம் ஒசெல்லேட்டம் என்ற டைனோஃப்ளாஜெல்லேட் அது, 1931-ல் விவரிக்கப்பட்டது, கடல்மீன் குஞ்சுப் பொரிப்பகங்களையும் காலி செய்யும் ஆள். முதலில் செவுளைத்தான் பிடிக்கும். அதனால் உடம்பில் தூசி தெரியும் நேரத்தில் பாதிக் காரியம் முடிந்திருக்கும். மீன் மூச்சு வாங்குவது, பவர்ஹெட் (தண்ணீரைச் சுழற்றும் சிறு பம்ப்) தண்ணீர் பீய்ச்சும் இடத்திலேயே போய் நிற்பது, வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்குவது, தீனியைத் திரும்பிப் பார்க்காதது, இவைதான் முன்னறிவிப்பு. ஒரு கூட்டிலிருந்து 256 குஞ்சுகள் வரை வரும், சூடான தண்ணீரில் சுழற்சி முழுவதும் ஒரு வாரத்துக்குள் முடியும். வெண்புள்ளி நோய் வாரங்களில் கொல்லும், இது இரண்டு மூன்று நாளில் தொட்டியைக் காலி செய்யும். காலையில் பார்த்த மீன் மாலையில் இல்லை என்று யாராவது சொன்னால் என் மனம் முதலில் வெல்வெட்டுக்குத்தான் போகும்.

நீமோ, அதாவது க்ளவுன்ஃபிஷ், உடம்பிலிருந்து வெள்ளையாகச் சளி உரிந்து தொங்கினால் ப்ரூக்ளினெல்லா என்ற இன்னொரு ஒட்டுண்ணி. இதற்குக் காப்பர், அதாவது செம்பு கலந்த மருந்து, சரிப்படாது, ஃபார்மலின்தான். கண் மங்கி, மீன் உடம்பைப் பாறையில் தேய்த்துக்கொண்டு, தலையை உதறிக்கொண்டு, ஆனால் புள்ளி எதுவும் இல்லாமல் இருந்தால் ஃப்ளூக் எனும் தட்டைப்புழுவாக இருக்கலாம். இதை உறுதி செய்வது சுலபம்: வெப்பமும் பிஎச்சும் சரிசெய்து காற்றோட்டம் விட்ட நன்னீரில் ஐந்து நிமிடம் மீனை வைத்தால் கண்ணாடி மாதிரி தெரியாமல் இருந்த புழுக்கள் வெண்மையாகி உதிர்ந்து அடியில் கிடக்கும். நெஞ்சு திக்கென்று இருக்கும். அதற்கு ப்ராசிகுவான்டெல், லிட்டருக்கு ஏறக்குறைய 2.5 மில்லிகிராம், முட்டையை அது ஒன்றும் செய்யாது என்பதால் ஒரு வாரம் விட்டு மறுபடி ஒரு முறை.

எந்த நோயானாலும் வைத்தியம் தனித் தொட்டியில்தான். இதைச் சொன்னதும் எதிர்முனையில் ஒரு மௌனம் விழும். பாறைகளை எல்லாம் கலைத்து மீனைப் பிடிக்க வேண்டுமே என்ற மௌனம். ஆமாம், பிடிக்கத்தான் வேண்டும். காப்பரை முதன்மைத் தொட்டியில் போட்டால் நத்தை, இறால், நண்டு, அனிமோன் எல்லாம் சாகும். அதோடு பாறையும் மணலும் சுண்ணாம்புச் சத்து, அவை காப்பரைப் பாதி உறிஞ்சிக்கொள்வதால் தண்ணீரில் அளவு நிற்கவும் நிற்காது. மருந்தும் வேலை செய்யாது, தொட்டியும் போச்சு.

தனித் தொட்டி என்றால் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். மணல் இல்லாத வெறும் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் தொட்டி, மீனின் அளவுக்குத் தக்கபடி, ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி எல்போ, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப், மேலே வலை. குதிக்கும், நிச்சயம் குதிக்கும். இந்தத் தொட்டியில் மீன்கள் நோயால் சாவதைவிட அமோனியாவால் சாவது அதிகம் என்பது என் கணிப்பு. நேற்று வைத்த தொட்டியில் பாக்டீரியா கிடையாது, பயந்த மீனுக்கு அக்கறையாக நிறையத் தீனி போடுகிறோம், மூன்றாம் நாள் மீன் மூச்சு வாங்குகிறது, அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று மருந்தைக் கூட்டுகிறோம். சம்ப்பில், அதாவது முதன்மைத் தொட்டியின் தண்ணீரை வடிகட்டும் துணைத் தொட்டியில், எப்போதும் ஒரு உபரி ஸ்பாஞ்ச் கிடக்கட்டும், தேவைப்படும்போது அதைத் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். அதில் கூடுகள் ஒட்டி வரலாம்தான், காப்பர் ஓடும் தொட்டியில் அதனால் கெடுதல் இல்லை, குஞ்சு வெளியே வந்தால் செத்துவிடும்.

இனி காப்பர். நம்பகமான மருந்துகளில் இன்றும் இதற்குத்தான் முதலிடம், வெண்புள்ளி, வெல்வெட் இரண்டையும் பிடிக்கும். ஆனால் குப்பிக்குக் குப்பி காப்பரின் வடிவம் வேறு, அளவு வேறு. க்யூப்ரமைன் மாதிரியானவை லிட்டருக்கு 0.5 மில்லிகிராமில் நிற்க வேண்டும், அதையும் 48 மணி நேர இடைவெளியில் இரண்டு தவணையாக ஏற்றச் சொல்கிறது லேபிள். காப்பர் பவர் மாதிரி கீலேட் செய்தவை (காப்பரை வேறொரு சேர்மத்தோடு பிணைத்தவை) 2 முதல் 2.5 வரை போக வேண்டும். ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குப் போட்டால் ஒன்று மீன் சாகும், இல்லாவிட்டால் ஒட்டுண்ணி சிரிக்கும். எவ்வளவு ஊற்றினோம் என்பது கணக்கே இல்லை, தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கணக்கு, ஆகவே சோதனைக் கருவி இல்லாமல் காப்பரைத் தொடவே கூடாது. நிறம் பார்த்து ஒப்பிடும் கிட்டில் 0.3-க்கும் 0.5-க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்குக் கண் போதாது. ஹன்னாவின் சின்ன டிஜிட்டல் மீட்டர் விலை கூடுதல்தான், ஆனால் ஒரு டேங் மீனின் விலையோடு வைத்துப் பாருங்கள். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விட்டாலும் போதும்.

ஒரு எச்சரிக்கை, பெரிய எழுத்தில் போட வேண்டியது: காப்பர் ஓடும்போது அமோனியாவைக் கட்டும் திரவங்களைச் சேர்க்காதீர்கள். ப்ரைம் மாதிரியானவை காப்பரை வேறொரு வடிவத்துக்கு மாற்றி மீனுக்கு விஷமாக்கிவிடும். அமோனியா ஏறினால் தண்ணீரை மாற்றுங்கள், மாற்றும் தண்ணீரிலும் அதே அளவு காப்பர் கலந்து. ஆக்டிவேட்டட் கார்பனும் ஃபில்டரில் இருக்கக் கூடாது, அது காப்பரை இழுத்துவிடும்.

எத்தனை நாள்? பொதுவாக 30 நாள், இடையில் ஒரு நாள்கூட அளவு இறங்காமல். இறங்கிவிட்டால் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான், வேறு வழி சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இன்னொரு முறையும் இருக்கிறது: 14 நாள் சரியான அளவில் வைத்துவிட்டு, மீனைச் சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவது. மீன்மேல் இருந்தவை ஒரு வாரத்துக்குள் இறங்கியிருக்கும், புதிதாக ஏறக் காப்பர் விட்டிருக்காது, ஆக மீன் சுத்தம், தொட்டிதான் அசுத்தம் என்பது இதன் கணக்கு. எனக்கு இந்த முறை பிடிக்கும், மீனின் வயிறு தப்பிக்கும். காப்பரில் நிறைய மீன்கள் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும், குட்டி ஏஞ்சல் வகைகள், பஃபர் எல்லாம் ரொம்பவே வாடும். அவற்றுக்கு அளவை மூன்று நாலு நாளில் மெதுவாக ஏற்றுங்கள். மாண்டரின் மீனை இதற்குள் இழுக்க வேண்டாம், அதன் சளிப் படலமே அதற்குப் பெரும் பாதுகாப்பு.

மருந்தே இல்லாமல் வெண்புள்ளியை முடிக்கும் ஒரு வழி இருக்கிறது, கேட்டால் யாரும் முதலில் நம்புவதில்லை. தொட்டி மாற்றும் முறை, 1980களில் கோலோர்னி என்ற ஆய்வாளர் காட்டியது. இரண்டு பிளாஸ்டிக் டப் எடுத்துக்கொள்ளுங்கள். மீனை முதல் டப்பில் விடுங்கள், 72 மணி நேரம் முடிவதற்குள் இரண்டாம் டப்புக்கு மாற்றுங்கள், தண்ணீர் கூட வராமல் மீனை மட்டும். முதல் டப், ஏர் ஸ்டோன், எல்போ எல்லாவற்றையும் கழுவி மொட்டைமாடியில் காயப் போடுங்கள். நன்றாகக் காய்ந்தால் கூடு பிழைக்காது, நம் ஊர் வெயில் இந்த ஒரு விஷயத்திலாவது நம் பக்கம். இப்படி நாலு முறை மாற்றினால் மீன்மேல் இருந்தவை எல்லாம் ஏதோ ஒரு டப்பில் இறங்கிக் கூடு கட்டியிருக்கும், கூடு உடையக் குறைந்தது 3 நாள் ஆகும், அதற்குள் மீன் அங்கே இருக்காது. இரண்டு வாரத்துக்குள் வேலை முடிந்தது. இங்கே காப்பர் இல்லை என்பதால் அமோனியா கட்டும் திரவத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். உப்பு செலவாகும், வெப்பமும் உப்பளவும் ஒவ்வொரு முறையும் பொருந்த வேண்டும், முதன்மைத் தொட்டியின் வலையையோ குழாயையோ மறந்துபோய் எடுத்துவந்தால் முதலிலிருந்துதான். வெல்வெட்டுக்கு இது மட்டும் போதாது, அதன் வேகம் வேறு.

உப்பைக் குறைக்கும் முறையைப் பலர் விரும்புகிறார்கள், காசு குறைவு என்பதால். அடர்த்தியை இரண்டு நாளில் படிப்படியாக 1.009-க்குக் கொண்டுவந்து, கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு மாதம் அங்கேயே நிறுத்த வேண்டும். கூடுகள் அந்தத் தண்ணீரில் வீங்கிக் கெடும். 1.009 என்றால் 1.009, 1.012 அல்ல, அதனால் முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் உதவாது, சரிபார்த்த ரிஃப்ராக்டோமீட்டர் வேண்டும். பிஎச் சரியும், அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். திரும்ப ஏற்றும்போது ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், மீனுக்கு இறங்குவதைவிட ஏறுவதுதான் கஷ்டம். வெல்வெட் குறைந்த உப்பிலும் கவலையில்லாமல் வாழும், தைவானில் குறைந்த உப்பைத் தாங்கும் கிரிப்டோகேரியானே பதிவாகியிருக்கிறது. எனவே இது எனக்கு இரண்டாம் பட்சம்.

மலேரியா மருந்தான க்ளோரோகுயின் பாஸ்பேட் பற்றிக் கேட்கிறவர்கள் 2020-க்குப் பிறகு குறைந்துவிட்டார்கள். வெல்வெட்டுக்கு அது அருமையான மருந்து, லிட்டருக்கு 10 முதல் 15 மில்லிகிராம், மீனுக்குக் காப்பரைவிட இதமானது என்று வைத்திருந்தவர்கள் சொல்வார்கள். கொரோனா வந்ததும் கதை மாறிவிட்டது. அந்த மார்ச் மாதம் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு தம்பதி மீன்தொட்டிக்கு வைத்திருந்த க்ளோரோகுயினை முன்னெச்சரிக்கை என்று விழுங்க, கணவர் இறந்தே போனார். இங்கே அதன் தம்பி ஹைட்ராக்சிக்ளோரோகுயினை அரசு, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் எச்1 அட்டவணையில் சேர்த்தது. மலேரியா மாத்திரையைப் பொடித்துப் போடலாமா என்றால், மாத்திரையில் மருந்தோடு மாவும் பசையும் மேல்பூச்சும் இருக்கிறது, 250 மில்லிகிராம் என்று போட்டிருப்பது உப்பின் எடையா மூலமருந்தின் எடையா என்று பார்க்கத் தெரிய வேண்டும், தண்ணீர் வேறு கெடும். தண்ணீரில் அது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வீட்டில் அளக்கக் கருவியும் இல்லை. அளக்க முடியாத மருந்து எனக்கு வேண்டாம்.

ஃபார்மலின் பற்றிச் சுருக்கமாக. 2018-ல் சந்தை மீன் கெடாமல் இருக்க ஃபார்மலின் கலக்கிறார்கள் என்று வந்த செய்திகளுக்குப் பிறகு அந்தப் பெயரைக் கேட்டாலே வீட்டில் முகம் சுளிப்பார்கள், நியாயம்தான், அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். கையுறை போட்டு, திறந்த வெளியில். 37 சதவீதக் கரைசலில் லிட்டருக்கு 0.15 முதல் 0.25 மில்லி, பலமான காற்றோட்டத்துடன், ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, மீன் சாய்ந்தால் உடனே வெளியே. குப்பியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்தக் குப்பியையே பயன்படுத்தாதீர்கள், அந்தப் படிவு மீனுக்குக் கொடிய விஷம்.

மீன்கள் தனித் தொட்டியில் இருக்கும்போது முதன்மைத் தொட்டி என்ன ஆகிறது? ஒன்றும் செய்ய வேண்டாம், மீனில்லாமல் ஓடவிடுங்கள். வெளிவரும் குஞ்சுகள் ஏற மீன் இல்லாமல் செத்துக்கொண்டே இருக்கும். 76 நாள் என்று ஒரு எண் உலவுகிறதே, அது அந்த 72 நாள் கூட்டை மனதில் வைத்துக் கொஞ்சம் கூட்டிப் போட்டது. சூடான தண்ணீரில் 45 நாளே போதும் என்று இப்போது வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள், இருக்கலாம், நான் பழைய எண்ணோடு இருக்கிறேன். 'ஒரே ஒரு மீன்தானே, அந்த டாம்செல் மீனைப் பிடிக்கவே முடியல, இருக்கட்டும்' என்றால் 76 நாளும் வீண். இறால் நண்டுகளுக்கும் பாக்டீரியாவுக்கும் சிட்டிகைத் தீனி போட்டுக்கொண்டே இருங்கள். வெறும் தண்ணீருக்குத் தீனி போடுவதை வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

ஒட்டுண்ணியோடு வாழப் பழகிக்கொள்ளலாம் என்று ஒரு கட்சி இருக்கிறது, அவர்களை நான் முழுதாக மறுக்கவில்லை. தொற்றிலிருந்து பிழைத்த மீனுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வரும், ஆறு மாதம் வரை அது நிற்கும் என்று ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். நல்ல தீனி, பெரிய தொட்டி, யூவி, நிலையான வெப்பம் இருந்தால் புள்ளியே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. பூண்டுக்குப் புகழ் வாங்கிக் கொடுத்ததும் இந்த எதிர்ப்புச் சக்திதான் என்பேன். ஆனால் ஒட்டுண்ணி செவுளில் எங்கேயோ கொஞ்சமாக இருந்துகொண்டுதான் இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, அப்படி ஒரு வாரத்தில் மீன்கள் தளர்ந்து போனால் அது எழுந்து வரும். அல்லது புதிதாக ஒரு டேங் வாங்கி விடுவீர்கள், எதிர்ப்புச் சக்தி இல்லாத அந்த மீன் முதலில் விழும். கரண்ட்டை நம்பி வாழும் ஊரில் இந்த ஏற்பாட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆகவே புது மீன் எதுவானாலும், கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் வாங்கியதோ வேறு ஊரிலிருந்து பார்சலில் வந்ததோ, நேராக முதன்மைத் தொட்டிக்குப் போகக் கூடாது. பல கடைகளில் எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே சம்ப், ஒரே தண்ணீர், உங்கள் மீன் சுத்தமாக இருந்தாலும் பக்கத்துத் தொட்டி மீன் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் செய்துகாட்டியது போலப் பண்ணையிலேயே பொரித்து வளர்த்த க்ளவுன் என்றாலும், கடைக்கு வந்து கடலில் பிடித்த மீன்களோடு ஒரே தண்ணீரில் இரண்டு நாள் இருந்துவிட்டால் அந்த நன்மை போய்விடும். சில மொத்த வியாபாரிகள் தண்ணீரில் குறைந்த அளவு காப்பர் எப்போதும் ஓடவிடுகிறார்கள், அது நோயை அமுக்கி வைக்கும், உங்கள் வீட்டுக்கு வந்து காப்பர் இல்லாத தண்ணீரில் விட்டதும் பத்து நாளில் எழும். "வாங்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு" என்பதற்கு இதுதான் பல நேரம் பதில்.

மீனில்லாதவையும் கணக்கில் உண்டு. நத்தை, ஹெர்மிட் நண்டு எதற்கும் இந்த நோய் வராது, ஆனால் அவற்றின் ஓட்டில் கூடு ஒட்டிக்கொண்டு வரலாம். வேறொருவர் தொட்டியிலிருந்து வந்த ஈரமான பாறைத்துண்டுக்கும் அதேதான். பவளங்களை நான் இதில் சேர்க்கவில்லை, கல்பவளங்களும் கடல்விசிறிகளும் 2001 முதல் நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, அதை யாராவது விற்கிறேன் என்றால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். நத்தைக்குக் காப்பர் போட முடியாது, உப்பைக் குறைக்கவும் முடியாது. அதனால் மீனில்லாத ஒரு சின்னத் தொட்டியில் தனியாக, அதே 76 நாள். நாலு நத்தைக்கு இவ்வளவா என்று எனக்கே தோன்றும், இருந்தாலும் அந்தத் தொட்டி பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.